யானைக் கொட்டகையில் தரையைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வளர்ப்பு யானைக்கு முன்னங்கால் நகத்தை ஒட்டி வெடிப்பு, உள்ளே சீழ். "முள்ளு குத்தியிருக்கும் டாக்டரே" என்றார் பாகன். தோண்டிப் பார்த்ததில் குன்றிமணி அளவுக்கு ஒரு கல் வந்தது. கல் மேல் பழி போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கால் பல வருடமாக ஈரச் சிமெண்டுத் தரையில், தன் மூத்திரத்திலேயே நின்ற கால். வெடிப்பு முதலில், கல் பிறகு.

யானை நடப்பது விரல் நுனியில். பின்னால் மெத்தை போலக் கொழுப்பு தாங்குகிறது. மண்ணில் அலைந்தால் நகம் தானாகத் தேயும். கான்கிரீட்டில் கட்டிப்போட்டால் நகம் வளர்ந்து வெடிக்கும், மூட்டும் கெடும்.

பழைய உயிரியல் பூங்காக்கள் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவ வசதியாகத்தான் தரை போட்டன. லண்டனில் 1965இல் யானைக்குக் கட்டிய கான்கிரீட் மாளிகையைக் கட்டடக் கலைஞர்கள் மெச்சினார்கள். 2001இல் அங்கிருந்த யானைகள் ஊருக்கு வெளியே விப்ஸ்னேடு என்ற பெரிய பூங்காவுக்குப் போய்விட்டன. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 வருடம், மியான்மர் மரக்கூப்பில் பிறந்தவற்றுக்கு 41.7 என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. மரம் இழுத்த யானை இரண்டு மடங்குக்கு மேல் வாழ்ந்திருக்கிறது!

சூரிச்சில் 2014இல் திறந்த யானைப் பூங்கா சுமார் 11,000 சதுர மீட்டர். இடத்தைவிட எனக்குப் பிடித்தது அங்கே தீனி வைக்கும் விதம். சுவரில் உள்ள பெட்டிகள் நேரம் மாற்றி மாற்றித் திறக்கும். யானை தேடிப் போக வேண்டும். காட்டில் நாளின் பெரும்பகுதி மேய்கிற பிராணிக்குக் காலையிலேயே பனம்பட்டையைக் குவித்துவிட்டால் மிச்சப் பொழுதுக்கு என்ன வேலை? நின்ற இடத்திலேயே தலையை ஆட்டும். நம் ஆட்கள் அதைப் பார்த்து "டான்ஸ் ஆடுது" என்று பிள்ளைக்குக் காட்டுவார்கள்.

இந்தியாவில் 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், பூங்கா யானைகளை வனத்துறை முகாம்களுக்கு மாற்றச் சொன்னது. கேரளத்தில் நெய்யாறு நீர்த்தேக்கக் கரையில் கோட்டூர் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது; யானை நிஜத் தண்ணீரில் இறங்கிக் குளிக்கிறது. இனி எங்கே போனாலும் செயற்கைப் பாறையைப் பார்த்து மயங்காதீர்கள். கால் நகத்தைப் பாருங்கள், படுக்க மண்மேடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை யானைக்குப் பர்மாங்கனேட் தண்ணீரில் கால் நனைக்கச் சொல்லி, கொட்டகையில் மண் கொட்டவும் சொன்னேன். ஆற்றுமணலுக்கு எங்கே போவது. வயல்மண்தான், மூன்று லோடு. நாலாம் நாள் காலை பாகன் போன் பண்ணினார்: "டாக்டரே, விலாவெல்லாம் மண்ணு. ராத்திரி படுத்துத் தூங்கியிருக்கு."