‘மீட்டமை’ எதை மீட்கிறது?

“கணினி பூட் ஆகவில்லையா? கவலை வேண்டாம், ‘இந்தக் கணினியை மீட்டமை’ என்பதை அழுத்துங்கள்.” தமிழில் கணினி உதவி சொல்லும் காணொளிகளில் இந்த வரியை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது! கேட்கிறவர் காதில் இது எப்படி விழும்? போனதெல்லாம் திரும்பி வரப்போகிறது என்றுதான் விழும். நடப்பது நேர்மாறு. அந்தப் பொத்தானின் ஆங்கிலப் பெயர் ‘ரீசெட்’. போட்டு வைத்த மென்பொருள்களையும் அமைப்புகளையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் அதன் வேலை. கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தால் ஆவணங்களாவது தப்பும். எல்லாவற்றையும் அகற்றும் வழியில் போய், அடுத்த திரையில் ‘எல்லா டிரைவுகளும்’ என்பதையும் தொட்டுவிட்டால், கல்யாணப் படங்கள் வைத்திருந்த டி டிரைவும் சேர்ந்து காலி.

அழிக்கும் வேலைக்கு மீட்கும் பெயர். இதைவிடத் தலைகீழான கலைச்சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துக்கொள்வோம். ‘மீள்’ என்பது வேர். தானே திரும்பி வந்தால் மீள்கிறான், மீண்டான். பிறர் கையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தால் மீட்கிறான், மீட்டான். வீணையை மீட்டுவது வேறு வினை. அதை இங்கே இழுக்க வேண்டாம். பகைவர் கவர்ந்து போன ஆநிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் அதை ஆநிரை கவரும் திணையான வெட்சிக்குள்ளேயே வைக்கிறது, புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகப் பிரிக்கிறது. எப்படி வைத்தாலும் திரும்பி வருவது அதே மாடுகள்தான். அடகுக் கடையிலிருந்து நகையை மீட்டு வந்தேன் என்றால் கொடுத்த அதே சங்கிலி கைக்கு வந்திருக்க வேண்டும். அதே எடையில் கடைக்காரர் புதுச் சங்கிலி ஒன்றை நீட்டினால் அதை மீட்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, மீட்க வேண்டுமானால் முதலில் ஒன்று போயிருக்க வேண்டும். போன அதுவே திரும்பவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ‘மீட்டு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் வேலை இல்லை.

‘பூட்’ என்பதன் கதை இன்னும் சுருக்கம். சப்பாத்தின் பின்பக்கத்தில் இழுத்து மாட்டுவதற்கு வைத்திருக்கும் வாருக்கு ஆங்கிலத்தில் ‘பூட்ஸ்ட்ராப்’. தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது நடவாத காரியம். சின்ன நிரல் ஒன்று தன்னைவிடப் பெரிய நிரலை ஏற்றி, அது அடுத்ததை ஏற்றும் வேலைக்கு 1950களின் கணினிக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் ‘பூட்’. தமிழில் ‘துவக்கம்’ என்கிறார்கள். ‘தொடக்கம்’ இருக்க அது எதற்கு? இலங்கையில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘துவக்கப் பிழை’ என்று திரையில் வந்தால் யாழ்ப்பாணத்தில் படிப்பவர் ஒரு கணம் திகைப்பார். ‘தொடக்கப் பிழை’ போதும். ‘பூட் ஆகல’ என்று வாயார வருவதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி ‘மீட்டமை’க்கு வக்காலத்து வாங்குபவர்களிடம் வருவோம். “மீள் என்றால் மறுபடி, அமை என்றால் செட், இரண்டும் சேர்ந்து மீட்டமை” என்பது அவர்களின் முதல் வாதம். இலக்கணப்படி இது நிற்காது. மீள் என்ற வேரோடு அமை சேர்ந்தால் ‘மீளமை’தான் வரும். இடையில் டகரம் இரட்டித்து ‘மீட்டமை’ ஆக வேண்டுமானால் முன்னே நிற்பது ‘மீட்டு’ என்ற வினையெச்சமாகத்தான் இருக்க முடியும். கேட்டு, கேட்டான் மாதிரி மீட்டு, மீட்டான். அப்போது பொருள் ‘மீட்டு, பிறகு அமை’. அதாவது போனதைக் கொண்டுவந்து பழையபடி வை. காப்புப்படியிலிருந்து கோப்புகளைத் திருப்பிப் போடும் ‘ரீஸ்டோர்’ வேலைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், சில மொழிபெயர்ப்புகளில் ரீஸ்டோருக்கும் இதே சொல், ரீசெட்டுக்கும் இதே சொல். ஒன்று கொடுக்கும், மற்றது பறிக்கும். இரண்டு பொத்தானிலும் ஒரே எழுத்து.

இரண்டாவது வாதம், “வழக்கில் வந்துவிட்டதே”. எந்த வழக்கில்? கடைத்தெருவில் யாரும் கணினியை மீட்டமைப்பதில்லை. ‘ரீசெட் அடி’, ‘ஃபார்மட் போடு’, ‘விண்டோஸ் போட்டுத் தர்றேன்’ என்கிறார்கள். இந்த மூன்றிலும் ஏதோ அழியப்போகிறது என்ற எச்சரிக்கை காதுக்கு எட்டிவிடுகிறது. பொருள் மாறிய தனித்தமிழ்ச் சொல்லைவிடப் பொருள் மாறாத ‘ரீசெட்’ எனக்கு ஆயிரம் மடங்கு மேல். தூய்மை பேசுகிறவர்கள் முதலில் பொருளின் தூய்மையைப் பார்க்கட்டும்.

மூன்றாவது வாதம், பொத்தானில் இடம் போதாது என்பது. ‘மீட்டமை’ நான்கு எழுத்து, ‘புதிதாக்கு’ ஐந்து. ஓர் எழுத்துக்கு இடமில்லாத திரையை நான் பார்த்ததில்லை.

இது ஏதோ புலவர் சண்டை என்று நினைப்பவர்கள், விண்டோஸும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் சேர்ந்திருக்கும் ஒரு கணினி நின்றுபோகும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு இப்படிப் பல கணினிகளில் லினக்ஸ் பக்கம் எழவில்லை. ‘வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்ட்: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று காட்டிவிட்டு நின்றன. ஓட்டையுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்கும் ‘எஸ்பேட்’ பட்டியல் ஒன்றை அந்தப் புதுப்பிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் எழுதியது. இரட்டை இயங்குதளக் கணினிகளை விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சிலவற்றை அது அடையாளம் காணத் தவறிவிட்டது. இதில் ஒரு பைட் தரவுகூடத் தொலையவில்லை. பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலின் அமைப்புத் திரையில்), நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ என்ற காவலை அணைத்து, உபுண்டுக்குள் போய், டெர்மினலில் ‘சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டெலீட்’ என்ற கட்டளையைக் கொடுத்து, ஒருமுறை மறுபடி உபுண்டுக்குள்ளேயே எழுப்பிவிட்டுச் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) பூட்டுப் போட்டிருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டவுடன் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாமல் பயாஸுக்குள் போகக் கூடாது. (இங்கே ‘மீட்பு’ சரியான சொல். பூட்டுக்குள் போன அதே கோப்புகள்தான் அதே உருவில் திரும்புகின்றன.)

எதுவும் தொலையாத இடத்தில் நடப்பது பழுது பார்ப்பு. ‘சீர்செய்’ என்று எழுதுங்கள். ‘தொடக்க மீட்பு’ என்று எழுதினால் படிப்பவர் தன் கோப்புகள் போய்விட்டதாக அலறி, கண்ணில் பட்ட முதல் ‘மீட்டமை’யை அழுத்துவார்.

இன்னொரு சீர்செய்தல். விண்டோஸ் பக்கத்திலிருந்து பார்ட்டிஷன்களை (டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகளை) நகர்த்தியோ நீக்கியோ வைத்தபின், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் மெனு வராமல் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று கறுப்புத் திரை வரும். அந்த மெனுவைக் காட்டும் லினக்ஸ் தொடக்க நிரல்தான் கிரப். பெயரிலேயே ‘ரெஸ்கியூ’ இருப்பதால் இதையும் ‘மீட்பு முறை’ ஆக்கிவிட்டார்கள். கிரப் தன் மீதிப் பாகங்கள் எந்த எண்ணுள்ள பார்ட்டிஷனில் இருக்கின்றன என்று குறித்து வைத்திருக்கிறது. எண் மாறியதும் வழி தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். ‘எல்எஸ்’ என்று தட்டினால் பார்ட்டிஷன்கள் ஒவ்வொன்றாக அடைப்புக்குறிக்குள் வரும். ஒவ்வொன்றின் பின்னும் சாய்கோடு போட்டு அதே கட்டளையால் உள்ளே பாருங்கள். பூட், ஹோம், ஈடிசி கோப்புறைகள் எதில் தெரிகின்றனவோ அதுதான் லினக்ஸ். ரூட், பிரிஃபிக்ஸ் என்ற இரண்டு அமைப்புகளையும் ‘செட்’ கட்டளையால் அதற்குத் திருப்பி, ‘இன்ஸ்மாட் நார்மல்’, பிறகு ‘நார்மல்’. மெனு வந்துவிடும். இது அந்த ஒருமுறைக்குத்தான்; உபுண்டு எழுந்தவுடன் கிரப்பை மறுபடி நிறுவி மெனுவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மெனுவில் விண்டோஸைக் காணோம் என்றால் பதற வேண்டாம். 2.06 பதிப்பு முதல் கிரப் மற்ற இயங்குதளங்களை இயல்பாகத் தேடுவதில்லை. அமைப்புக் கோப்பில் ‘ஓஎஸ் புரோபர்’ வரியைத் திருத்தினால் தேடும்.

விண்டோஸ் பக்கம் எழவில்லை என்றால் நிறுவல் பென்டிரைவில் எழுப்பிக் கட்டளைத் திரைக்குப் போக வேண்டும். பார்ட்டிஷன்களைக் கையாளும் ‘டிஸ்க்பார்ட்’ கருவியில், எஃப்ஏடி32 வடிவில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும் சின்னப் பார்ட்டிஷனுக்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, ‘பிசிடிபூட்’ கட்டளையால் தொடக்கக் கோப்புகளை அதில் மறுபடி எழுத வேண்டும். இங்கே பலரும் வழுக்குவது ஓரிடத்தில்: இந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் சி ஆக இல்லாமல் டி, இ என்று மாறி நிற்கலாம். கோப்புறைப் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்யாமல் கட்டளை கொடுத்தால் பிழைதான் வரும். வேலை முடிந்ததும் விண்டோஸ் நேராக எழும், உபுண்டு மெனு வராது. உபுண்டு எங்கும் போகவில்லை. பயாஸின் வரிசையில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருக்கிறது. மேலே ஏற்றினால் போதும்.

‘சிஸ்டம் ரீஸ்டோர்’ இன்னொரு குழப்பம். அது விண்டோஸின் அமைப்புகளையும் இயக்கிகளையும் முன்பு குறித்து வைத்த ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோகும். அழித்துவிட்ட கடிதத்தையோ படத்தையோ தராது. ‘அமைப்பு மீட்பு’ என்று பெயர் வைத்துவிட்டு, “என் படங்கள் ஏன் வரவில்லை” என்று கேட்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘முன்னிலைக்குத் திருப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை படித்தவருக்கு அது இடறும். ‘முந்தைய நிலைக்குத் திருப்பு’ என்றால் ஒரு சிக்கலும் இல்லை.

‘மீட்பு’ முழு உரிமையோடு உட்காரும் இடம் தரவு மீட்பு. தவறான பார்ட்டிஷனை நீக்கியாகிவிட்டது, அல்லது டிஸ்க்கே சாகக் கிடக்கிறது. முதல் விதி, அந்த டிஸ்க்கில் இனி ஒன்றும் எழுதக் கூடாது. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு விண்டோஸ் ஓர் எழுத்துக் கொடுத்துவிட்டு, பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். எப்போதும் ரத்து செய்யுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலில் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கின் உடம்பே கெட்டிருக்கிறது. தேடும் வேலையை அதில் நேரடியாகச் செய்யாதீர்கள். அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்கை மாட்டி, ‘டிடிரெஸ்கியூ’ என்ற நிரலால் முழுப் படியெடுக்க வேண்டும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைக் கிண்டாமல் நல்லதை வழித்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களை மூன்று தடவை முயலச் சொல்லலாம். மேப் கோப்புக் கொடுக்காமல் ஓட்டினால் நடுவில் மின்சாரம் போகும்போது எதுவரை முடிந்தது என்ற கணக்கும் போய்விடும்.

படியெடுத்தபின், தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் ‘டெஸ்ட்டிஸ்க்’கை அந்தப் படியின் மேல் ஓட்ட வேண்டும். தொலைந்த பார்ட்டிஷன் பட்டியலில் வந்ததும் ‘பி’ விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர் தெரியும். பெயர்கள் சரியாக இருந்தால்தான் கோப்புகளை வேறு டிஸ்க்குக்குப் படியெடுப்பதோ பார்ட்டிஷன் அட்டவணையை எழுதுவதோ. இதிலும் வராவிட்டால், கோப்புகளை நேரடியாகத் தேடி எடுக்கும் ‘ஃபோட்டோரெக்’. கோப்பு வரும், வைத்த பெயர் வராது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் இன்னொரு கெடுபிடி: அழித்த இடம் காலி என்று ‘டிரிம்’ கட்டளை போனபின் எந்த மென்பொருளாலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பழுதான நேரத்தில் கணினியைச் சும்மா ஓடவிடாமல் உடனே அணைக்கச் சொல்வது.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. அவர்களுக்குப் போவது வரிகளின் பட்டியல். ‘ரீசெட்’ என்று ஒற்றைச் சொல் வரும். எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் என்று பெரும்பாலும் இருக்காது. கடவுச்சொல்லுக்கும் அதுவே, படத்தைப் பெரிதாக்கிய அளவை நூறு விழுக்காட்டுக்குக் கொண்டுவருவதற்கும் அதுவே, கணினியைத் துடைப்பதற்கும் அதுவே. முதலில் செய்தவர் ‘மீட்டமை’ என்று ஒருமுறை நிரப்பிவிட்டால், பழைய மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருளின் நினைவகம் அதையே எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். அப்படி ஒட்டும்போது ஒரு நிமிடம் நின்று, இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன போகும் என்று கேட்கலாமே! கடவுச்சொல்லுக்கு ‘புதிய கடவுச்சொல் அமை’. அளவுக்கு ‘இயல்பளவு’. கணினிக்கு ‘புதிதாக்கு’, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘மென்பொருள்கள் அழியும்’. ‘மீட்டமை’யைக் காப்புப்படியிலிருந்து திருப்பிப் போடும் பொத்தானுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.