மாலை வாடும் முன்னே ஷெட்டுக்கு வந்த பிக்கப்

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். காரைக்குடியில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு புது பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கண்ணாடியில் வைத்த சந்தனம் காயவில்லை, மாலை வாடவில்லை. டயர் இடுக்கில் நசுங்கின எலுமிச்சம்பழத் தோல். மீட்டரில் 19 கிலோமீட்டர்.

"கொப்புடையம்மன் கோயில்ல பூசை போட்டுட்டு நேரா பங்க்குக்குத்தாண்ணே போனோம். எண்ணெய் அடிச்சு ரெண்டு கிலோமீட்டர் வரல, இருமி இருமி நின்னுபோச்சு" என்றார் டிரைவர். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். டீசல். வண்டியோ பெட்ரோல் வண்டி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருஷம் டீசல் குட்டியானை ஓட்டியவர். பங்க்கில் நின்றதும் வாய் தானாக "டீசல், ரெண்டாயிரத்துக்கு" என்றிருக்கிறது. பம்ப் பையனும் சரக்கு வண்டி என்றால் டீசல்தானே என்று போட்டுவிட்டான். டேங்கை இறக்கி, காலி செய்து, லைனை அலசி, பில்டர் மாற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டினோம். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

இதுவே தலைகீழாக, டீசல் வண்டியில் பெட்ரோல் போயிருந்தால் கதை வேறு. இன்றைய டீசல் எஞ்சினில் எண்ணெய் பம்ப்புக்கும், எண்ணெயை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் வழவழப்பு கொடுப்பது அந்த டீசலேதான். பெட்ரோல் அந்தப் பசையைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசும், துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். மாற்றிப் போட்டது பங்க்கிலேயே தெரிந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். நாலு பேர் கையால் ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்கண்ணாடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். டீசல் என்றால் ஆரஞ்சு; பெட்ரோலோ, சிஎன்ஜி என்கிற இயற்கை வாயுவோ என்றால் இளநீலம். பார்த்ததும் என்ன எண்ணெய் வண்டி என்று தெரியத்தான் அந்த நிறம். அதன் மேலேயே சாமி படத்தை ஒட்டிவிடுகிறார்கள் நம் ஆட்கள்.

அன்றைக்கு இன்னொன்றும் விசாரித்தேன். ஷோரூமில் வண்டியை எப்படி எடுத்தீர்கள் என்று. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வெளியே கொண்டுவர வேண்டும் என்ற அவசரத்தில் பத்தே நிமிடத்தில் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் முதலாளி. வண்டியை விளக்கிச் சொல்ல வந்த பையனிடம் "எல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஓட்டப் போகிற டிரைவரோ வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்!

நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறவன்தான். முந்தின நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய் வண்டியைப் பார்த்துவிடுங்கள், மறுநாள் பூசைக்கு மட்டும் போங்கள். சேஸிஸில் அடித்திருக்கும் பதினேழு எழுத்து எண்ணும், எஞ்சின் எண்ணும், படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (கம்பெனி தரும் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள், பழசு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர் கையில் வாங்கியபின் கையெழுத்து. வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை. அப்புறம் டிரைவரை உட்காரவைத்து, மீட்டரில் எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, எந்த எண்ணெய் வண்டி எடுப்பது? என்னிடம் வருகிறவர்கள் இதை விலையில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் ஓட்டத்தில் இருந்து ஆரம்பிப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிறுத்தம், எத்தனை கிலோ?

கோட்டையூரில் பலகாரம் போடுகிற அண்ணன் ஒருவர். முறுக்கு, சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை. தினம் காரைக்குடிக் கடைகளுக்குப் போடுவார். போக வர இருபது கிலோமீட்டர், பதினைந்து நிறுத்தம். "டீசல்தான் தாங்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு டீசல் பிக்கப் எடுத்துவிட்டார். ஆறாவது மாதம் மீட்டரில் மஞ்சள் விளக்கோடு வந்தார். வண்டி இழுக்கவில்லை என்றார்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நின்றது. "பாத்தீங்களா, ஆயிலே குடிக்கல, நல்ல எஞ்சின்" என்று சந்தோஷப்பட்டார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து அவர் மூக்கருகே நீட்டினேன். டீசல் வாடை. முகம் சுருங்கிப்போனது.

நடந்தது இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததில் இருந்து டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று வருகிறது. டிபிஎஃப் என்போம். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி போல சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக எஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விடும். திருமயம் சாலையில் ஒரே வேகத்தில் இருபது நிமிடம் போகிற வண்டியில் இது யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும். நம் அண்ணனோ கடைக்குக் கடை எஞ்சினை நிறுத்துகிறார். எரிப்பு பாதியில் நிற்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது, மறுபடி நிற்கிறது. கூடுதலாக விட்ட டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. அவருக்கு ஏற்றது பெட்ரோல்தான், போகிற வழியில் நிரப்ப இடம் இருந்தால் சிஎன்ஜி.

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் நண்பருக்கு அதே டீசல்தான் சரி. அவர் கல் மதுரைக்கும் திருச்சிக்கும் போகிறது. ஆனால் அவரிடம் வேறொரு சண்டை. ஆத்தங்குடிக் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலு கிலோ. முந்நூறு சதுர அடி முகப்புக்கு ஏற்றினால் 1,200 கிலோ ஆச்சு. வைக்கோல் வைத்து அடுக்கும்போது பார்க்கப் பாதி வண்டிதான் நிறைந்திருக்கும், அதனால் "இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா" என்பார். முக்கால் டன் குட்டியானையில் இதை ஏற்றித்தான் பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டையை உடைத்தார். சரக்குத் தொட்டியின் நீளத்தைப் பார்த்து வண்டி எடுக்காதீர்கள், ஏற்றுகிற எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

சில டீசல் பிக்கப்பில் புகையின் நச்சைக் குறைக்கும் யூரியாத் தண்ணீருக்குத் தனித் தொட்டி உண்டு. மூடி நீல நிறம், டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் ஊற்ற வேண்டியதை டீசல் தொட்டியில் ஊற்றிக்கொண்டு வந்த கேஸும் பார்த்திருக்கிறேன். தொட்டி முழுக்க வெள்ளை உப்பு.

சிஎன்ஜி எடுத்தால் ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும். சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், உள்ளே 200 பார் அழுத்தம் என்பதை மறக்கக் கூடாது. நிரப்பும்போது உள்ளே உட்கார்ந்து போன் பேச வேண்டாம், இறங்கி நில்லுங்கள்.

மின்சார வண்டி பற்றியும் கேட்கிறார்கள். "அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்து சிக்ரி வந்த ஊருண்ணே இது, நாம பேட்டரியப் பாத்துப் பயப்படலாமா" என்றார் ஒருவர். அழகப்பச் செட்டியாரையும், பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையும்தான் சொல்கிறார். பயம் வேண்டாம்தான். தினம் ஒரே பாதை, ராத்திரி வண்டி வீட்டில் நிற்கும் என்றால் தாராளமாக எடுக்கலாம். விளம்பரத்தில் சொல்கிற தூரம் பாரம் ஏற்றினால் வராது, அதைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நூறு வருஷத்து வீட்டு வளவில் சார்ஜ் போடுவதாக இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டையூர் அண்ணன் வண்டியை விற்க மனசில்லை என்றார். ஆயிலை மாற்றி, கம்ப்யூட்டர் மாட்டி வடிகட்டியை எரித்துக் கொடுத்தேன். வாரம் ஒருநாள் புதுக்கோட்டை வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். "சும்மா வண்டி ஓட்டவா டீசல் போடுறது" என்று முனகிக்கொண்டே போனார். போன வாரம் சர்வீசுக்கு வந்தபோது ஆயில் அளவு சரியாக இருந்தது. சனிக்கிழமை தோறும் போகிறாராம், புதுக்கோட்டையில் ரெண்டு கடையும் பிடித்துவிட்டார்.