ஃப்ளாக்ஸ் இலையில வெள்ளை மாவு பூத்தா உடனே ஸ்ப்ரேயைத் தூக்காதீங்க

நியூஜெர்சியில நர்சரி வேலையில இருக்கேன். ஆகஸ்ட் பொறந்தா போதும், ஃப்ளாக்ஸ்ங்கற, வருஷா வருஷம் வேர்லேருந்து தளிர்க்கற பூச்செடிய போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து நிப்பாங்க, மேல பூ கொத்து கொத்தா இருக்கு ஆனா கீழ இலையெல்லாம் மாவு தூவினாப்ல வெள்ளையா இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்னு. அது சாம்பல் நோய், பூஞ்சை. பக்கத்துல இருக்க ரோஜாவுக்கு ஒட்டிக்குமோன்னு பயந்து செடியவே புடுங்கிப் போட்டவங்களும் உண்டு, எனக்கு மனசே ஆறல. ரோஜாவுல வர்ற சாம்பல் வேற, இது வேற.

இலையில தண்ணி பட்டதால தான் வருதுன்னு நினைச்சு நிறைய பேர் தண்ணிய குறைச்சிடுறாங்க, அங்க தான் தப்பு. இலை நனையாமலே இந்தப் பூஞ்சை முளைக்கும், ராத்திரி ஈரக்காத்தும் செடிக்குள்ள காத்தோட்டம் இல்லாம நெருக்கமா இருக்கறதும் போதும், வேர் காஞ்சு வாடின செடின்னா இன்னும் சீக்கிரம் புடிச்சிக்கும். அதனால தண்ணிய வேர்ல நல்லா ஆழமா விடுங்க.

உண்மையான வைத்தியம் வசந்த காலத்துல. தளிர் ஒரு சாண் வளந்ததும் ஒரு தூர்ல நல்ல தண்டு அஞ்சாறு மட்டும் விட்டுட்டு மத்தத அடியோட வெட்டிடுங்க. கை வராது தெரியும், ஆனா வெட்டின வருஷம் பூ பெருசா வரும் பாருங்க. செடிக்குச் செடி 2 அடி இடம், 3-4 வருஷத்துக்கு ஒரு தடவ தூர பிரிச்சு நடணும்.

புதுசா வாங்குறவங்க சாம்பல் அவ்வளவா புடிக்காத ரகமா பாத்து வாங்குங்க. வெள்ளைல 'டேவிட்', 2002ல அமெரிக்காவுல அந்த வருஷத்தோட சிறந்த பல்லாண்டுச் செடின்னு தேர்வானது. டெலவேர்ல மவுண்ட் கியூபா தோட்டத்துல 2015லேருந்து 2017 வரைக்கும் நிறைய ரகத்த நட்டுப் பாத்தாங்க, அதுல முதல்ல வந்தது 'ஜீனா', டென்னசியில ஆத்தோரமா கண்டெடுத்தது, பூ சின்னது தான் ஆனா சாம்பல் ரொம்ப கம்மி, பட்டாம்பூச்சி வந்து மொய்க்கும்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு விதை அனுப்பலாமான்னு ஒருத்தங்க கேட்டாங்க. வேணாங்க, இதுக்கு குளிர்காலத் தூக்கம் வேணும். அங்க ஃப்ளாக்ஸ்னு விக்கிறது டெக்சாஸ்லேருந்து வந்த ஒரு வருஷச் செடி, அது வேற இனம்.

இன்னொண்ணு, பூ வாடினதும் கொத்த வெட்டிடுங்க. விதை விழுந்து முளைக்கிறது தாய்ச்செடி மாதிரி இருக்காது, பெரும்பாலும் மெஜந்தா கலர்ல தான் வரும், அது வேகமா வளந்து நீங்க ஆசையா வாங்கின வெள்ளைய அமுக்கிடும், அப்புறம் வந்து செடி கலர் மாறிடுச்சுன்னு சொல்லுவீங்க.