உரிமை இருக்கிறது, பில் இல்லை

தக்கலையில் வழக்கறிஞர் தொழில் செய்யும் என்னிடம், ரப்பர் விலை விழும்போதெல்லாம் ஒரே கேள்வியோடு கட்சிக்காரர்கள் வருவார்கள். குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதை இப்படிக் கேட்டார்: "சாரே, மதுரைல ஒரு ரிட்டு போட்டு இந்த இறக்குமதிய நிறுத்த முடியாதா? நம்ம நாடுதானே, நம்ம கவர்மென்ட் நெனச்சா வரிய ஏத்தலாமே?" முதற்கேள்விக்கு விடை எளிது: பொருளாதாரக் கொள்கையில் தலையிட நீதிமன்றங்கள் தயங்கும். இரண்டாவது கேள்விதான் நின்று விடை சொல்ல வேண்டியது.

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, பல பொருள்களுக்கு இதற்கு மேல் வரி விதிக்க மாட்டோம் என்று உறுப்பு நாடுகள் உச்சவரம்பு எழுதிக் கொடுத்தன. உலர்ந்த இயற்கை ரப்பருக்கு இந்தியா எழுதிக் கொடுத்த வரம்பு 25 விழுக்காடு. 2015இல் மத்திய அரசு வரியை 20இலிருந்து 25 விழுக்காடாக, அல்லது கிலோவுக்கு 30 ரூபாயாக, இவற்றுள் எது குறைவோ அந்த அளவுக்கு உயர்த்தியது. அந்த 25ஐத் தாண்ட வேண்டுமானால், ஏற்றுமதி செய்யும் நாடுகளோடு மறுபடியும் பேசி, வேறு பொருள்களில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. அவ்வமைப்பின் வேளாண்மை ஒப்பந்தப் பட்டியலில் இயற்கை ரப்பர் இல்லை. மரம் நட்டு, உரமிட்டு, விடியுமுன் பால்வெட்டப் போகிறவரின் விளைச்சல், அவ்வமைப்பின் தலைமையகமான ஜெனீவாவில் தொழிற்பொருள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

2009இல் ஆசியான் என்னும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு கையெழுத்தான சரக்கு ஒப்பந்தத்தில், வரிச்சலுகை இல்லாத விலக்குப் பட்டியலில் இயற்கை ரப்பர் இடம்பெற்றது. ஆனால் அதே ரப்பரோடு கார்பன் பிளாக் என்னும் கரித்தூள் முதலியவற்றைக் கலந்துவிட்டால் அது கலவை ரப்பர். சுங்க அட்டவணையில் 4001 என்ற தலைப்பிலிருந்து 4005க்கு மாறிவிடும்; விலக்குப் பட்டியலின் காப்பும் போய்விடும். 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பரின் வரியை 10 விழுக்காட்டிலிருந்து இயற்கை ரப்பருக்கு இணையாக உயர்த்தினார்கள். ஆயினும் பொது வரியை எவ்வளவு உயர்த்தினாலும், ஒப்பந்தச் சலுகையில் வரும் சரக்கை அது தொடாது.

இவை எதையும் அந்நியப் படை வந்து நம் மீது திணிக்கவில்லை. ஒப்பந்தம் செய்வது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். முன்கூட்டி நாடாளுமன்ற வாக்கெடுப்புத் தேவையில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ளவற்றின் மீதும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசமைப்பின் 253ஆம் பிரிவு. அதற்காக ஒப்பந்தமே கூடாது என்பவனல்லன் நான். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, 1753இல் மாவேலிக்கரையில் அவர்களோடே உடன்படிக்கை செய்து மிளகு கொடுக்க ஒப்புக்கொண்டார். வெற்றித்தூணைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

கடலிலும் இதே கதைதான். தூத்தூர் வட்டார விசைப்படகுகளுக்கு மானிய டீசல் கொடுப்பது மாநில அரசு. மீன்பிடி மானியங்களுக்கு விதி எழுதியது 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. அந்த ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இந்தியா அதை ஏற்காமல் இருந்தது. ஏற்காமல் இருப்பதும் இறையாண்மைதான்.

பெரியவரிடம் நான் விரிவாகப் பேசியது பாதுகாப்பு வரியைப் பற்றி. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தால், உச்சவரம்பையும் தாண்டித் தற்காலிகக் கூடுதல் வரி விதிக்க உலக வர்த்தக அமைப்பின் விதிகளே இடம் தருகின்றன. அதற்கு தில்லியில் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். விலை, உற்பத்தி, நட்டம் மூன்றையும் மெய்ப்பிக்க வேண்டும். இறக்குமதிக் கணக்கு சுங்கத்துறையிடம் இருக்கிறது. ஆலைக்காரர்களிடம் பேரேடு இருக்கிறது. நம்மவர்களோ ரப்பர் ஷீட்டையும் உறைந்த ஒட்டுப்பாலையும் கடையில் போட்டுவிட்டு, எடையும் தொகையும் மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டோடு வீடு திரும்புகிறார்கள். ஆகவே, ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் சேருங்கள், தரம், எடை, விலை, தேதி குறித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள், விலை கட்டுபடியாகாமல் பால்வெட்டை நிறுத்திய நாள்களை நோட்டில் குறித்து வையுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். தனியொருவர் விண்ணப்பம் அங்கே எடுபடாது. பல்லாயிரம் சிறு தோட்டங்களின் கணக்கு சங்கத்தின் வழியாகச் சேர்ந்தால்தான் அது சான்றாகும்.

அடுத்த முறை வந்தபோது பெரியவர் ஒரு கல்யாணக் கடித உறை நிறையச் சீட்டுகள் கொண்டுவந்தார். ஒன்றிலும் கடையின் பெயர் இல்லை. பாதிக்குமேல் தேதியும் இல்லை. இனியாவது பில் கேளுங்கள் என்றேன்.

"கேக்கலாம் சாரே. பில்லு கேட்டா கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறைச்சுத்தான் எடுப்பாவ" என்றார்.