இறகுத்தூண்டில்: சொல் விளக்கம்

ஃப்ளை ஃபிஷிங் என்பதைத் தமிழில் 'ஈ மீன்பிடிப்பு' என்று எழுதுகிறார்கள். 'பறக்கும் மீன்பிடிப்பு' என்றுகூட ஒன்று இணையத்தில் உலவுகிறது. அது இயந்திர மொழிபெயர்ப்பின் வேலை, விட்டுவிடலாம். ஆனால் முதல் சொல்லை அப்படித் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சொல்லுக்குச் சொல் அது சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வெண்ணாற்றங்கரையிலோ வீராணம் ஏரியிலோ தூண்டில் போடுகிற ஒருவரிடம் 'ஈ மீன்பிடிப்பு' என்று சொன்னால், முள்ளில் ஈயைக் குத்திப் போடுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த முறையிலோ உயிருள்ள பூச்சிக்கே வேலை இல்லை.

முதலில் முறையைப் பார்ப்போம். நம் பக்கத்துத் தூண்டில் எல்லாருக்கும் தெரியும்: மூங்கில் கம்பு, தங்கூசி என்கிற நைலான் நரம்பு, மயில் தோகைத் தண்டிலோ நெட்டியிலோ ஒரு தக்கை, சின்ன ஈயக் குண்டு, முள், மண்புழு. இப்போது பையன்கள் ரீல் வைத்த ராடும் ரப்பர் தவளையும் வாங்கி, ஆகாயத்தாமரை ஓரத்தில் வரால் பிடிக்கிறார்கள். இரண்டிலும் நரம்பை இழுத்துக்கொண்டு போவது முன்னால் இருக்கும் கனம்தான். ஈயக் குண்டோ ரப்பர் தவளையோ பறக்கிறது, நரம்பு பின்னாலேயே போகிறது.

ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய இரைக்குக் கனமே கிடையாது. அதை மட்டும் எடுத்து வீசினால் காலடியிலேயே விழும். அதனால் கனத்தை நரம்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நரம்பு அது. அதன் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து எண் போட்டு விற்கிறார்கள்: 5ஆம் எண் சுமார் 9 கிராம், 9ஆம் எண் சுமார் பதினைந்தரை கிராம். ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனில் சின்னதுக்கு 5 போதும். பைக் என்கிற பெரிய வேட்டை மீனுக்கு 8, 9, 10 என்று போக வேண்டும்.

வீசுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஒன்பதடிக் கம்பைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார். நரம்பு தண்ணீரை விட்டு எழும்பி, தலைக்கு மேலே ஒரு வளையமாகச் சுருண்டு பின்னால் நீள்கிறது. அங்கே ஒரு கணம் பொறுக்க வேண்டும். பின்னால் நரம்பு முழுக்க நிமிர்வதற்குள் கம்பை முன்னே தள்ளினால், மாடு ஓட்டுகிறவரின் சாட்டை போலச் சொடுக்கி இரை அறுந்து போய்விடும். நிமிர்ந்த பிறகு தள்ளினால் வளையம் முன்பக்கம் உருண்டு பிரிந்து, மெல்லிய நுனி நரம்பு கடைசியாக விழும். அதற்கும் பிறகு, சத்தமில்லாமல் இரை. நம் வாய்க்கால் கரைகளில் தென்னையும் நாணலும் முதுகை ஒட்டி நிற்பதால் பின்னால் இந்த இடம் கிடைப்பது அரிது. பெரிய ஏரியில் படகு மேல் நின்று வீசுவது வசதி.

சரி, ஆங்கிலத்தில் ஏன் ஃப்ளை? தொடக்கத்தில் அது பூச்சியைத்தான் குறித்தது. கி.பி. 200ஐ ஒட்டிக் கிரேக்க மொழியில் எழுதிய கிளாடியஸ் ஏலியானுஸ், மாசிடோனியாவின் அஸ்திரேயஸ் ஆற்றில் புள்ளி போட்ட மீன்களைப் பிடித்த முறையைச் சொல்கிறார். அந்த மீன்கள் தண்ணீர் மேல் வரும் ஒரு பூச்சியைத் தின்றன. பூச்சியைக் கையால் தொட்டாலே நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும், மீன் சீந்தாது. அதனால் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளை வைத்துக் கட்டினார்கள். இந்த வித்தையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது.

அங்கிருந்து வடக்கே வெகுதூரம் போனால் பெயர் பொருந்தாமல் போகிறது. கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 27,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆழம் 614 மீட்டர், வட அமெரிக்காவிலேயே மிக ஆழமான ஏரி. இங்கே மேட்டூர் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் அங்கே பனிக்கட்டி உடைந்து விலகுகிறது. பாசி மண்டிய ஆழமில்லாத வளைவுகளில் பைக் பதுங்கி நிற்கும். வாத்தின் அலகு போலத் தட்டையான தாடை, பின்னால் தள்ளி வைத்த முதுகுத் துடுப்பு, நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும் உடல்வாகு. லேக் ட்ரவுட் குளிர்ந்த ஆழத்தை விரும்பும் மீன். பனி விலகிய சில வாரங்கள் மேல் தண்ணீரும் குளிர்ந்திருப்பதால் கரைப் பக்கம் மேயும். நீர் சூடாகச் சூடாகக் கீழே இறங்கிவிடும், அப்புறம் இந்த முறைக்கு எட்டாது.

இந்த இரண்டும் பெரிதும் மீன் தின்னும் மீன்கள். ஆகவே அவற்றுக்குக் கட்டுகிற 'ஃப்ளை' பூச்சி மாதிரியே இருக்காது. பைக்குக்குக் கட்டுவது சாண் நீளம் வரும்: முள்ளின் வாலில் நீண்ட இறகுகள், நடுவில் பளபளக்கும் இழை, தலையில் கண். தண்ணீரில் சின்ன மீனாக நெளியும், வெளியே எடுத்தால் நீரை உதிர்த்துவிட்டு நூலாக ஒட்டிக்கொள்ளும். பைக்கின் பல் நைலானை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் மெல்லிய கம்பி ஒரு துண்டு வேண்டும். இதைப் போய் ஈ என்பதா, பூச்சி என்பதா? இரண்டும் தவறு. மாசிடோனியாவிலிருந்து கனடா வரை மாறாமல் வருவது இறகு.

அந்த இறகில் நம் பங்கும் உண்டு. மயில் தோகையின் இழையை முள்ளில் நெருக்கிச் சுற்றினால் பச்சையும் வெண்கலமுமாக மின்னும். ட்ரவுட்டுக்குக் கட்டும் எத்தனையோ வகைகளில் உடம்பு அதுதான். நாம் தண்டைத் தக்கைக்கு எடுக்கிறோம், அவர்கள் இழையை இரைக்கு எடுக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகுத் துளி போன்ற புள்ளிகள் இருக்கும். சால்மன் மீனுக்குக் கட்டும் பழைய இரைகளில் அதற்குத் தனி மதிப்பு. அந்தக் கோழியை வேட்டையாட இன்று சட்டப்படி தடை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

அடுத்த பாதி, தூண்டில். தூண்டு என்ற வினையிலிருந்து வந்த பெயர். விளக்குத் திரியை மேலே ஏற்றுவதும் தூண்டுவதுதான், கிளறிவிடுவதும் தூண்டுவதுதான். எவ்வளவு பழைய சொல், எவ்வளவு முழுமையாக ஆளப்பட்டது என்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. 'நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண்கொளீஇ' என்கிறது அது. கழை என்றால் கம்பு, நாண் என்றால் கயிறு, 'கொடுவாய் இரும்பு' என்றால் முள். ராட், லைன், ஹூக் மூன்றுக்கும் அங்கேயே சொல் இருக்கிறது. இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன், பிறகு கரைப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டே வெருளுகிறது என்பதும் அதே இடத்தில் வருகிறது. தண்ணீரில் கம்பின் நிழல் விழக்கூடாது என்று இன்றைக்கும் ட்ரவுட் பிடிக்கிறவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அகநானூற்று 36ஆம் பாட்டில் வரால். முள்ளோடு இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலை கிழிய, குவளை சிதறப் பாய்ந்து, 'தூண்டில் வேட்டுவன் வாங்க வாராது' கயத்தையே கலக்குகிறது. பைக்கும் பாசிக்குள் இப்படித்தான் செய்யும். குறள் 931இல் வரும் 'தூண்டிற்பொன்' இரைக்குள் மறைந்த இரும்பு என்று பரிமேலழகர் உரை சொல்கிறது.

இந்தத் தூண்டுதல் ஃப்ளை ஃபிஷிங்குக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. மண்புழு தன் வாசத்தாலேயே மீனை அழைக்கும். இறகுக்கு வாசமும் இல்லை, ருசியும் இல்லை. கையால் நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுத்து, நிறுத்தி, மறுபடி சுண்டினால்தான் பைக் பாயும்.

எனவே என் முடிவு: கட்டிய இரை 'இறகுமுள்', முறை 'இறகுத்தூண்டில்', செய்கிறவர் 'இறகுத்தூண்டில்காரர்'. இப்போது செயற்கை இழைகளும் நிறைய வந்துவிட்டனவே என்று கேட்கலாம். தெர்மாகோலில் செய்தாலும் நாம் தக்கை என்றுதான் சொல்கிறோம். பூச்சி போலக் கட்டியதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'பூச்சி இறகுமுள்' என்றும், மீன் போலக் கட்டியதை 'மீன் இறகுமுள்' என்றும் பிரிக்கலாம்.

மீன்களின் பெயரை மாற்ற வேண்டாம். பைக்கை வரால் என்றோ வாளை என்றோ எழுதினால் படிப்பவர் நம் குளத்து மீனை நினைத்துக்கொள்வார், அது வேறு குடும்பம். ட்ரவுட் நீலகிரியில் ஏற்கெனவே புழங்கும் சொல். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்த மீன் அது. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்ந்து காவிரிக்கு வருகிறது. மீன் மட்டும் குளிர்ந்த நீரை விட்டு இறங்காது என்பதால், டெல்டாவில் அதற்கு வேறு பெயர் உண்டாக வழியே இருக்கவில்லை. பைக், ட்ரவுட் என்றே எழுதுவோம்.