உள்ளங்கையை நிறைக்கும் சிப்

காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும் தொண்ணூறுகளின் சர்வர் எதையாவது திறக்க வாய்த்தால், விசிறியையும் சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டியையும் தாண்டிப் பாருங்கள். அடியில் பென்டியம் ப்ரோ சிப் இருந்தால் யோகம்தான். இன்டெல் 1995 நவம்பரில் வெளியிட்டது. தீப்பெட்டியைவிடப் பெரிய பீங்கான் உடல், கீழே தங்க முலாம் பூசிய 387 ஊசிகள்.

ஏன் இத்தனை பெரிது? உள்ளே இருப்பவை இரண்டு சிலிக்கான் துண்டுகள். ஒன்று 55 லட்சம் டிரான்சிஸ்டர்களோடு கணக்குப் போடும் செயலி. மற்றது கேஷ், அதாவது செயலி அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் வேகமான நினைவகம். அதுவரை இந்தக் கேஷ் மதர்போர்டில் தனியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அங்கே போய்வர நேரமாகும். ப்ரோவில் அது பக்கத்து வீட்டுக்கே குடிவந்து, செயலியின் முழு வேகத்துக்கும் ஈடுகொடுத்தது. ஆனால் இரண்டையும் ஒரே கூட்டில் பொருத்திய பிறகுதான் முழுதாகச் சோதிக்க முடியும். கேஷ் சொதப்பினால் நல்ல செயலியும் சேர்ந்து குப்பைக்கு. விலை ஏறியதில் வியப்பில்லை. வீடுகளைவிட சர்வர்களில்தான் அதிகம் உட்கார்ந்தது. 1996 இறுதியில், நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்ற எல்லையை முதலில் தாண்டிய அமெரிக்காவின் 'ஆஸ்கி ரெட்' சூப்பர் கம்ப்யூட்டரும் இந்தச் சிப்புகளால் ஆனதே.

ஊசிகளில் பூசிய அந்தத் தங்கம்தான் ப்ரோவுக்கு எமன். பழைய சிப் சேகரிப்பவர் பார்ப்பதற்குள், தங்கத்தைப் பிரித்தெடுப்பவர்கள் அமிலத்தில் போட்டுக் கரைத்துவிடுகிறார்கள்.

சரி, கழற்றுவோம். சிப்புக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவே தடவிய வெப்பப் பசை இருபது வருடத்தில் காய்ந்து கோந்தாகியிருக்கும். சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போது, உள்ளே ஒவ்வொரு ஊசியையும் ஓர் உலோகக் கவ்வி பிடித்திருக்கிறது. கிளிப்பை எடுத்துவிட்டு அலுமினியத்தை நேராக இழுத்தால் சிப்பும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். என் முதல் ப்ரோ அப்படித்தான் வந்தது, ஒரு மூலை முழுக்கக் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி. ஹேர் டிரையரால் சூடாக்கிப் பசையை இளக்கி, அலுமினியத்தை இடமும் வலமுமாகத் திருக வேண்டும், இழுக்கக் கூடாது. அப்புறம் நெம்புகோலை நிமிர்த்தினால் கவ்விகள் பிடியை விடும். சிப்பை இரண்டு விரலால் எடுத்துவிடலாம்.

வளைந்த ஊசிக்கு மருந்து, உள்ளே எழுதும் குச்சி இல்லாத 0.5 மி.மீ. பென் பென்சில். அதன் முனைக்குழாயை ஊசியில் மாட்டி மெல்ல நிமிர்த்துங்கள். ஒரே தடவையில் முடிப்பது நல்லது. முன்னும் பின்னும் வளைத்தால் உலோகம் இறுகி ஒடியும்.

எடுத்ததைத் தெர்மோகோலில் மட்டும் குத்தி வைக்காதீர்கள். உரசினாலே அதில் நிலைமின்னூட்டம் ஏறும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். நம் விரலுக்கு உறைக்காத ஒரு பொறி போதும், அதைத் துளைக்க. அதற்குப் பதில் மின்கடத்தும் கறுப்பு நுரையில் குத்துங்கள், அது எல்லா ஊசிகளையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருக்கும்.

நுரையில் குத்தும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஊசிகள் ஒரு பாதியில் நெருக்கமாகவும் மறு பாதியில் தளர்வாகவும் நிற்கும். சாக்கெட்டில் தப்பான திசையில் அது உட்காரவே உட்காராது.