பேரியாட்ரிக் என்பது கொழுப்பு நீக்கம் அன்று

சென்ற வாரம் அமெரிக்க மருத்துவச் செய்தி ஒன்றின் தமிழாக்கத்தை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "13 வயதுக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை: மருத்துவர்கள் தயக்கம்" என்ற தலைப்பில் என் பேனா நின்றுவிட்டது. இந்தத் தொடரை எத்தனையாவது முறையாக அடித்துத் திருத்துகிறேன் என்பது எனக்கே நினைவில்லை.

மூலத்தில் இருந்த சொல் பேரியாட்ரிக்; கடும் உடற்பருமனுக்காகச் செய்யும் அறுவையைக் குறிப்பது. கிரேக்கத்தில் 'பாரோஸ்' என்றால் எடை, 'இயாட்ரோஸ்' என்றால் மருத்துவர். பாரோமீட்டரில் இருப்பதும் இதே பாரோஸ்தான். நம் 'பாரம்' காதுக்கு ஒத்து ஒலித்தாலும் அதற்கு உறவில்லை; கனம் என்று பொருள்படும் வடமொழிக் 'குரு'தான் அதன் உறவு.

கொழுப்பு நீக்கம் என்று சொல்லத் தகுந்தது லைப்போசக்‌ஷன். தோலுக்கு அடியில் குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அந்தச் சிகிச்சை பெரும்பாலும் உடலழகுக்காகச் செய்யப்படுவது. பேரியாட்ரிக் அறுவையில் கத்தி படும் இடமே வேறு. அதன் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தை வாழைப்பழ வடிவில் ஒரு குழாயாக விட்டுவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் மேற்பகுதி வெட்டுண்ட துண்டோடு போய்விடுவதால் பசியும் தணிகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இங்கேதான் அந்த மொழிபெயர்ப்பு செய்தியையே கவிழ்த்துவிடுகிறது. கடும் உடற்பருமன் உள்ள 13 வயதுக்கு மேற்பட்டோரை இந்த அறுவைக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2023 ஜனவரியில் வழிகாட்டியது. அதற்கு முன்பு, 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஏறத்தாழப் பாதி மருத்துவர்கள் இந்த வயதினரை ஒருபோதும் அனுப்பப்போவதில்லை என்றிருந்தார்கள். வளரும் உடலுக்கு ஊட்டச்சத்து போதுமா, வாழ்நாள் முழுவதும் வைட்டமின் மாத்திரையை அந்தப் பிள்ளை விடாமல் விழுங்குமா, மீட்க முடியாத ஒன்றுக்கு 14 வயதில் தரும் சம்மதம் எவ்வளவு முதிர்ந்தது என்பன போன்ற கேள்விகளிலிருந்து பிறக்கும் தயக்கம் இது. 'கொழுப்பு நீக்கம்' என்று எழுதினாலோ, அழகு சிகிச்சைக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்த நல்ல மருத்துவர்கள் என்று வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆதரிக்கும் மருத்துவர்களோ அழகு வியாபாரிகளாகத் தோன்றுவார்கள்.

"வாசகருக்குப் புரிகிறதே, ஐயா" என்றார் மொழிபெயர்த்த தம்பி. தவறாகப் புரிவதும் புரிவதுதான் என்று இப்போதெல்லாம் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள் போலும். அகராதியைப் புரட்டுவதற்குள் விளம்பரப் பலகைச் சொல் கைக்கு வந்துவிடுகிறது.

'எடை குறைப்பு அறுவை சிகிச்சை' இதைவிடத் தேவலை. ஆனாலும் நீரிழிவு போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளிலும் இந்த அறுவை பலன் தருவதைக் கண்டு, இத்துறை அமெரிக்க அறுவை மருத்துவர்களின் சங்கமே 2007இல் தன் பெயரில் 'மெட்டபாலிக்' (வளர்சிதை மாற்றம் சார்ந்த) என்பதைச் சேர்த்துக்கொண்ட பிறகு, எடையை மட்டும் சொல்வது குறையாகவே படுகிறது. கண்புரை அறுவை சிகிச்சை, குடலிறக்க அறுவை சிகிச்சை என நோயின் பெயரை முன்னிறுத்தும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வரிசையில் 'உடற்பருமன் அறுவை சிகிச்சை' இயல்பாகப் பொருந்தும். ('சிகிச்சை' வடசொல்லாயிற்றே என்று சண்டைக்கு வருவோரிடம் தனியே பேசிக்கொள்கிறேன்.)

'குழந்தைகள்' என்பதையும் அடித்து 'வளரிளம் பருவத்தினர்' என்று திருத்தினேன். தலைப்பு ஒரே வரியில் அடங்கவில்லை என்றார் பக்க வடிவமைப்பாளர். எழுத்தின் அளவைக் குறைக்கச் சொன்னேன்.